செய்தித்தாளில் சுற்றிய பரிசு

(திருவருகைக்கால வானொலி மறையுரை)



திருவருகைக்காலத்தின் மூன்றாம் வாரத்திற்கு வந்துவிட்டோம். ஊதாநிற மெழுகுதிரிகளோடு இளஞ்சிவப்பு மெழுகுதிரியையும் ஏற்றிவிட்டோம். வீட்டு வாசல்களில் விண்மீன்கள் தொங்குகின்றன. குடில் கட்ட வைக்கோல் தேடுகிறோம். அச்சுமுறுக்குக்கும் கலகலாவுக்கும் மாவு தயாராகிறது. இவற்றோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. உறவினருக்கும் நண்பருக்கும் பரிசு வாங்கி, பளபளக்கும் தாளில் சுற்றி, மேலே ரிப்பன் கட்டி வைக்கிறோம்.

அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். மறையுரையில் பேச இது ஒரு பொருளா என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், ஒரு சிறுமி எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வரையில்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பரிசு கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். பிறகு சீட்டு எண் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து, விரும்பிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது ரூபாய்க்கு மேல் யாரும் செலவு செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். ஏழைப் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அத்தோடு எங்கள் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டோம்.

அன்று மேசைமேல் சிவப்பும் பச்சையும் தங்கநிறமுமாகப் பொட்டலங்கள் குவிந்திருந்தன. அவற்றின் நடுவே ஒன்று மட்டும் செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "கடலைப் பொட்டலம்" என்று ஒருவன் சொன்னான். நாங்களும் கண்டிக்கவில்லை, லேசாகப் புன்னகைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பிள்ளையாக வந்து, பளபளப்பான பொட்டலங்களை எடுத்துப் போனார்கள். கடைசிச் சீட்டு ஒரு சின்னப் பையனுக்கு. அவன் வந்தபோது மேசையில் மிச்சமிருந்தது அந்தச் செய்தித்தாள் பொட்டலம் மட்டுமே. அவன் அதைத் தொடவே இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டான்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். தன் முறை வந்தபோது தான் எடுத்திருந்த தங்கநிறப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தாள். மேசையில் இருந்த செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதைக் கொண்டுவந்தவள் யார் என்று அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்க எங்களுக்கு முகமில்லை.

அன்பார்ந்தவர்களே, அன்று பரிசின் விலைக்கு வரம்பு போட்டோம். மேலே சுற்றும் தாளைப் பற்றி நினைக்கவே இல்லை. ஐம்பது ரூபாய்ப் பரிசுக்கு இருபது ரூபாய்த் தாளும் ரிப்பனும் வாங்கக்கூடிய வீடு எது, வாங்க முடியாத வீடு எது என்பதை அந்த மேசை ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏழையையும் செல்வரையும் பிரிக்கும் சுவர் கல்லாலும் சுண்ணாம்பாலும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மெல்லிய தாளும் சுவராகலாம்.

அன்றைய கதை அத்தோடு முடியவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் மண்டபத்தின் தரை முழுவதும் கிழிந்த தாள்கள். கூட்டி அள்ளியதில் இரண்டு சாக்கு நிறைந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் ஆலயத்துக்குப் பின்னால் கொட்டித் தீ வைத்தோம். தாள் என்றால் எரிந்து சாம்பலாக வேண்டும் அல்லவா? அது சுருண்டு உருகியது. கரும்புகை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "சாமி, என்னத்தப் போட்டு எரிக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகு விசாரித்துத்தான் பதிலைத் தெரிந்துகொண்டோம். 'கிஃப்ட் பேப்பர்' என்று கடைகளில் விற்கும் பளபளப்புத் தாள்களில் பல, வெறும் தாள் அல்ல. சில வகைகளில் தாளின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். சில வகைகள் முழுவதுமே மெல்லிய பிளாஸ்டிக்தான்; அதன்மேல் உலோகப் பூச்சு பூசி மின்ன வைத்திருப்பார்கள். பழைய தாள் வாங்குபவர் இவற்றை வாங்க மாட்டார். மண்ணில் போட்டால் மக்காது. எரித்தால் நச்சுப் புகை. ஜிகினாத் தூள் ஒட்டிய தாள் இன்னும் மோசம். அந்தத் தூளில் பெரும்பாலானது பொடிப்பொடியான பிளாஸ்டிக். மழைநீரோடு கால்வாய்க்கும், ஆற்றுக்கும், கடலுக்கும் போகிறது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் மாதத்தில், உதிரியாக விற்கப்படும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனையைத் தடை செய்தது.

நம் கையில் இருப்பது தாளா, பிளாஸ்டிக்கா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு துண்டைக் கையில் எடுத்து நன்றாகக் கசக்குங்கள். பிறகு விரல்களை விரியுங்கள். கசங்கியபடியே உருண்டையாக இருந்தால் அது பெரும்பாலும் தாள். மெல்ல மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

"பரிசு என்றால் பளபளவென்று இருக்க வேண்டும், அதுதானே வழக்கம்?" என்று கேட்கிறோம். அந்த வழக்கத்திற்கு எத்தனை வயது தெரியுமா? 1917 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில், பரிசு சுற்றும் மெல்லிய தாள் தீர்ந்துபோனது. கைவசம் இருந்தது, கடித உறைகளின் உள்ளே ஒட்டுவதற்காக வரவழைத்த வேலைப்பாடுள்ள அச்சுத்தாள். அதை எடுத்து விற்பனைக்கு வைத்தார்கள். உடனே விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்தின் வழியாக வண்ணத்தாள் வணிகம் பெருகியது. ஒட்டுவதற்கு நாம் பயன்படுத்தும் பசைநாடா, அதாவது செல்லோ டேப், 1930 இல்தான் கடைக்கு வந்தது. ஆக, காலங்காலமாக வந்த மரபு என்று நாம் நினைப்பது, தீர்ந்துபோன சரக்குக்கு மாற்றாக ஒரு கடைக்காரர் எடுத்து வைத்ததுதான். வயது நூறைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே. அதைவிட மிகப் பழைய மரபு ஒன்று நமக்கு இருக்கிறது. அதைப் பார்க்க நாம் பெத்லகேமுக்குப் போக வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். விடுதியில் இடம் இல்லை. மரியா தம் தலைமகனைப் பெற்றெடுக்கிறார். குழந்தையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறார். வயல்வெளியில் இடையர்களுக்கு வானதூதர் தோன்றி, மெசியாவை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று சொல்லும்போது, தங்கத் தொட்டிலைச் சொல்லவில்லை, பட்டுப் போர்வையைச் சொல்லவில்லை. துணியில் சுற்றிய குழந்தை, மாட்டுத் தொழுவத்துத் தொட்டி, இவையே அடையாளம் என்கிறார். மனிதகுலத்திற்கு இறைவன் தந்த மாபெரும் பரிசு, ஓர் ஏழைத்தாயின் கையில் அப்போது இருந்த துணியில் சுற்றப்பட்டு வந்தது.

நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. நம் வீடுகளில் குழந்தை பிறந்தவுடன் புதுத் துணியிலா சுற்றுகிறோம்? தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, பாட்டியின் நைந்த நூல்சேலையை மடித்து, அதில்தான் சுற்றுகிறோம். பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும் துணிதான் பச்சைக்குழந்தையின் உடம்புக்கு ஏற்றது. அம்மாவின் பழஞ்சேலையே தூளியாகிறது. விலை உயர்ந்தது அல்ல அந்தத் துணி; ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் வாசமும் இருக்கின்றன. குழந்தையை ஜிகினாத்தாளில் சுற்ற யாருக்காவது மனம் வருமா?

1223 ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை மக்களுக்கு அமைத்துக் காட்டினார். அவர் கேட்டு வாங்கியவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. நம் குடில்களின் தொடக்கம் அதுதான். குடிலை வைக்கோலால் கட்டுகிறோம். அதன் பக்கத்தில் அடுக்கும் பரிசுகளைப் பிளாஸ்டிக்கில் கட்டுகிறோம். குடில் ஒன்று சொல்கிறது, நம் பரிசு வேறொன்று சொல்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், உலகத்தைக் காப்பது பெரிய மாநாடுகளின் வேலை மட்டுமே என்று சொல்லிவிடவில்லை. பிளாஸ்டிக்கையும் தாளையும் வீணாக்காமல் இருப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, ஒரு பொருளை உடனே தூக்கி எறியாமல் மறுபடி பயன்படுத்துவது போன்ற அன்றாடச் சிறு செயல்களும் அன்பின் செயல்களாக முடியும் என்று நமக்கு நினைவூட்டினார். ஏழையின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. எங்கள் மண்டபத்தில் அன்று இரண்டு அழுகுரல்களும் ஒரே நாளில், ஒரே தாளால் எழுந்தன.

சரி, பளபளப்புத் தாள் இல்லாமல் பரிசை எப்படிக் கொடுப்பது? ஐந்து வழிகளைச் சொல்கிறோம். எல்லாமே நம் வீட்டிலும் ஊரிலும் இருப்பவைதாம்.

முதலாவது, செய்தித்தாள். அந்தக் காலத்து மளிகைக் கடைக்காரர், துவரம்பருப்பையும் மிளகாயையும் செய்தித்தாளில் எவ்வளவு நேர்த்தியாக மடித்து, சணல் நூலால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிக் கொடுப்பார்! ஒரு மணி சிந்தாது. பசைநாடாவும் கிடையாது. ஞாயிறு இணைப்பில் வரும் வண்ணப் பக்கங்கள், பிள்ளைகளுக்கான பக்கங்கள், முடிந்துபோன மாதக் காலண்டரின் தடித்த தாள், பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டதில் மிஞ்சிய பழுப்புத் தாள் எல்லாம் இதற்கு உதவும். பழுப்புத் தாளில் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு கோலம் போட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் விண்மீன் வடிவம் செதுக்கி, வண்ணத்தில் தோய்த்து அச்சுக் குத்துங்கள். பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுது முழுவதும் மகிழ்ச்சியாக அதில் இருப்பார்கள். ஒரே எச்சரிக்கை: பலகாரத்தை நேரடியாகச் செய்தித்தாளில் வைக்காதீர்கள். அச்சுமை உடலுக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 இலேயே எச்சரித்திருக்கிறது. புனிதர் படங்கள் அச்சிட்ட காலண்டர் தாளையும் இதற்கு எடுக்க வேண்டாம். அது கிழிந்து காலடியில் கிடப்பதைப் பார்க்க நமக்கு மனம் பொறுக்காது.

இரண்டாவது, துணி. நம் பாட்டிமார் காசை முந்தானையில் முடிந்து வைத்தார்கள். வெளியூர் போனவர்கள் கட்டுச்சோற்றைத் துணியில் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். துணியில் முடிவது நம் கைக்குத் தெரிந்த கலை. ஜப்பான் நாட்டு மக்கள் இதே கலையை 'ஃபுரோஷிகி' என்று போற்றிப் பாதுகாக்கிறார்கள். 2006 இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, நெகிழிப் பைகளுக்கு மாற்றாக இந்தத் துணியை மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவர முயற்சி எடுத்தார். செய்முறை எளிது. சதுரமான துணி ஒன்றை எடுங்கள். மூலைக்கு மூலை அளந்தால், பரிசின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். ஒரு மூலை நம்மைப் பார்த்திருக்கும்படி விரித்து, நடுவில் பரிசை வையுங்கள். நம் பக்கத்து மூலையைப் பரிசின்மேல் மடித்து, எதிர்மூலையையும் அதன்மேல் மடியுங்கள். இடமும் வலமும் மிஞ்சிய இரண்டு மூலைகளையும் மேலே கொண்டுவந்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். பரிசு தயார். கைக்குட்டை, துண்டு, ரவிக்கைத் துணி என எதிலும் கட்டலாம். மேலே சுற்றிய துண்டே இரண்டாவது பரிசாகிவிடும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இதற்காகக் கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கி, ஒருமுறை கட்டி எறிந்தால் பயன் இல்லை. பருத்தி விளைய எவ்வளவோ தண்ணீர் செலவாகிறது. வீட்டில் இருப்பதை எடுங்கள், அல்லது பெறுபவர் பல நாள் பயன்படுத்தக்கூடியதைக் கொடுங்கள். தெருமுனைத் தையற்கடையில் கேட்டால் வெட்டித் துணிகளை மனமுவந்து கொடுப்பார்கள்.

மூன்றாவது, மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுத் தந்த பைகள், மணமக்கள் பெயரோடு, நம் வீட்டு அலமாரியில் பத்தாவது இருக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. பரிசைப் பைக்குள் வைத்து, வாயைச் சுருக்கி, சணல் கயிற்றால் கட்டி, ஒரு துளசிக் கொத்தைச் செருகிக் கொடுத்தால் அதைவிட அழகு வேறென்ன? பெறுபவர் மறுநாளே அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகலாம்.

நான்காவது, ஓலையும் இலையும். பனை நம் மாநில மரம். மணப்பாடு போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெண்கள் பனையோலையில் பெட்டி பின்னுகிறார்கள். கருப்பட்டியும் பலகாரமும் ஓலைப்பெட்டியில் போவது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். அந்தப் பெட்டியை வாங்கினால், கொடுக்கும் காசு ஒரு தாயின் அடுப்புக்குப் போகிறது. பெட்டியோ பல ஆண்டு உழைக்கிறது. குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, ஓலையில் ஒரு பூவோ விண்மீனோ மடிக்கத் தெரியாதா? ரிப்பனுக்குப் பதிலாக அதை மேலே வைக்கலாம். அன்றே சாப்பிட வேண்டிய பலகாரமானால், வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டி மடித்தால் கிழியாது. பூக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய வாழைநாரால் கட்டிவிடலாம்.

ஐந்தாவது, பாத்திரம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று பிற சமய சகோதரர்களின் வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறோம். முன்பெல்லாம் எவர்சில்வர் தூக்கிலோ தட்டிலோ வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி மூடி அனுப்புவோம். பாத்திரம் திரும்பி வரும்போது வெறுமையாக வராது. ஒரு கை சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் உப்பாவது வைத்துத்தான் தருவார்கள். பிறகு தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வரும். இப்போது அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். பெட்டி குப்பைக்குப் போகிறது. பாத்திரத்தைத் திருப்பித் தரும் சாக்கில் நடந்த இரண்டு நிமிடப் பேச்சும் அதோடு போய்விட்டது. பாத்திரம் போய்வந்த வழியில் உறவும் போய்வந்தது, அன்பார்ந்தவர்களே.

ஏற்கெனவே வீட்டில் பளபளப்புத் தாள் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பசைநாடாவைக் கத்தியால் மெதுவாகக் கீறிப் பிரித்து, மடித்து வைத்து, கிழியும் வரை மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். உயிர்த்த ஆண்டவரின் கல்லறையைப் பற்றி யோவான் நற்செய்தி ஒரு சிறு செய்தி சொல்கிறது. அவர் தலையை மூடியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின், எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. அப்பம் பெருகுகிற இடத்திலும் வீணாக்குதலுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"கஞ்சத்தனம் என்று பேசுவார்களே, சாமி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மிச்சப்படும் பணத்தை நம் பெட்டியிலேயே பூட்டி வைத்தால் அது கஞ்சத்தனம்தான். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பங்கில் முந்நூறு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஐந்து பரிசு, ஒவ்வொன்றுக்கும் தாளும் ரிப்பனுமாக இருபது ரூபாய் என்றால், மொத்தம் முப்பதாயிரம் ரூபாய். கிழித்து எறியவும் எரிக்கவும் அவ்வளவு பணம்! அதே பணம் வின்சென்ட் தே பவுல் சபையின் கைக்கு வந்தால், மார்கழிக் குளிரில் சாலையோரம் படுத்திருப்பவர்கள் எத்தனை பேருக்குப் போர்வை கிடைக்கும்! துணியில் சுற்றப்பட்டு வந்த ஆண்டவரை, துணி இல்லாதவர்களிடத்தில் போய்ப் பார்க்கலாம். விழாவுக்கு மறுநாள் விடியற்காலையில் நம் தெருக்களில் குனிந்து குனிந்து குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கும் கொஞ்சம் முதுகு நிமிரும்.

ஆனால் பணக்கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தச் சிறுமியின் நிகழ்ச்சிக்கு மறு ஆண்டு, எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு புது விதி வைத்தோம். எல்லாரும் செய்தித்தாளில்தான் பரிசைச் சுற்ற வேண்டும், நூலால்தான் கட்ட வேண்டும். மருத்துவர் வீட்டுப் பிள்ளையும், மீன் விற்கும் அம்மாவின் பிள்ளையும் ஒரே மாதிரிப் பொட்டலத்தோடு வந்தார்கள். மேசையைப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்லவே முடியவில்லை. பிள்ளைகள் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தும், குலுக்கிப் பார்த்தும், முகர்ந்து பார்த்தும் எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவில்லை. கடைசியில் தாள்களை அடுக்கிக் கட்டிப் பழைய தாள் கடைக்குக் கொடுத்தோம். ஆலயத்துக்குப் பின்னால் புகை எழவில்லை.

அந்தச் சிறுமி மட்டும் அந்த ஆண்டு வரவில்லை. வேலை தேடிக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கள் மனந்திரும்புதல் ஓர் ஆண்டு பிந்திவிட்டது. அவளிடம் பட்ட கடனை அவளிடமே அடைக்க இனி வழி இல்லை. அவளைப்போல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேறு பிள்ளைகளிடம்தான் அடைக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் பங்கிலும் இருக்கிறாள். உங்கள் அன்பியத்திலும் இருக்கிறாள். உங்கள் உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்திலும், பரிசைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாசலிலேயே தயங்கி நிற்கிறாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏழைகள் செய்தித்தாளில் சுற்றிக்கொள்ளட்டும், நாம் வழக்கம்போல் ஜிகினாவில் சுற்றுவோம் என்று இருந்துவிடாதீர்கள். வசதி உள்ளவர்கள் முதலில் மாற வேண்டும். பளபளப்புத் தாள் வாங்க முடிந்தவர்கள் அதை வாங்காமல், மகிழ்ச்சியோடு ஒரு பழந்துணியில் பரிசைக் கட்டிக் கொண்டுவந்தால், வாங்க முடியாதவர் தலைகுனிய வேண்டியதில்லை. விண்ணக மாட்சியை விட்டுவிட்டு, நம்மில் ஒருவராக, நம் ஏழ்மையின் துணியை உடுத்திக்கொண்டு வந்த ஆண்டவர் செய்ததும் அதுவே அல்லவா?

இந்த வாரம் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். பழைய செய்தித்தாளை, மஞ்சப்பையை, அலமாரியில் கிடக்கும் துணியை வெளியே எடுங்கள். சுற்றிக் கட்டும் ஒவ்வொரு முடிச்சின்போதும், பெறப்போகிறவர் பெயரைச் சொல்லி ஒரு சிறு செபம் சொல்லுங்கள். அந்த முடிச்சு கடையில் கிடைக்காது.

செபிப்போம். துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஆண்டவரே, உம்மை அடையாளம் கண்ட இடையர்களின் எளிய கண்களை எங்களுக்கும் தாரும். மேலுறையைப் பார்த்து மனிதரை மதிப்பிட்ட குற்றத்தை மன்னித்தருளும். நீர் எங்களுக்குக் கொடையாகத் தந்த மண்ணையும் நீரையும் காற்றையும் மாசுபடுத்தாமல், எம்மிடம் உள்ளதை எளிமையோடும் அன்போடும் பகிர்ந்துகொள்ள அருள்தாரும். ஆமென்.

உங்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள். இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.